மாட்ரிட்டின் பழைய தபாஸ் கடையில் இடம் பிடிப்பது எப்படி

ஸ்பெயினுக்குச் சுற்றுலா வரும் நம்மவர்கள் பலர் பழைய தபாஸ் கடையின், அதாவது சிறு தட்டுகளில் பண்டமும் கூடவே பானமும் தரும் பாரின், வாசல் வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். உள்ளே ஆட்கள் தோளோடு தோள் இடித்து நிற்கிறார்கள். வரிசை கிடையாது, நாற்காலி கிடையாது, மெனு அட்டையும் கண்ணில் படவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசுகிறார்கள். சரி, நமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டி, சதுக்கத்தில் காலியாகக் கிடக்கும் கடையில் உட்கார்ந்து, படம் போட்ட மெனுவைக் காட்டி பாயெய்யா கேட்கிறார்கள். ஊறிப்போன மஞ்சள் சோறு வருகிறது. ஸ்பெயின் சாப்பாடு சுமார்தான் என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் குழப்பமாகத் தெரியும் அந்தக் கூட்டத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் பணியாளரின் கண்ணும் ஞாபகமும்தான் அந்த ஒழுங்கு. அவரை அங்கே காமரேரோ என்பார்கள். யார் முன்னால் வந்தது, யார் என்ன குடித்தது, யார் கணக்குத் தீர்க்காமல் நிற்பது என்பதையெல்லாம் அவர் தலைக்குள் வைத்திருக்கிறார். அவருக்கு வேலையைச் சுலபமாக்கித் தருகிறவருக்கு எல்லாம் சுலபமாக நடக்கும். இந்தக் கட்டுரை முழுக்க அதற்கான வழிகள்தான். பெரும்பாலும் மாட்ரிட்டை வைத்துச் சொல்கிறேன். மற்ற ஊர்களில் எது மாறும் என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

பார் என்றதும் குடிகாரர்கள் மட்டும் இருக்கும் இருட்டறை உங்கள் மனதில் வந்தால் அதை அழித்துவிடுங்கள். இங்கே பாட்டி வருவார், கைக்குழந்தையோடு தாய் வருவார், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று தலைமுறையும் மேசை போல வைத்த ஒரே பீப்பாயைச் சுற்றி நிற்கும். பெண்கள் தனியாக வந்து ஒரு கோப்பை ஒயின் குடித்துவிட்டுப் போவதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 2011 ஜனவரியிலிருந்து உள்ளே புகைபிடிக்கவும் தடை.

முதலில், நேரம்

ஸ்பெயின்காரர்கள் மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்கு மேல்தான் தொடங்குவார்கள். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு முன் கிடையாது. தபாஸ் இந்த இரண்டுக்கும் முன்னால் வரும் சமாச்சாரம். வார இறுதி நாட்களில் மதியம் 12 முதல் 2 வரை ஒரு வேளை, மாலை 8 முதல் 10 வரை இன்னொரு வேளை. மாலை ஐந்து மணிக்குப் போனால் கடை திறந்திருந்தாலும் அடுப்பு அணைந்திருக்கும். ஆலிவும் பாலாடைக்கட்டியும்தான் கிடைக்கும். பழைய கடைகளில் சில மதியத்துக்கும் மாலைக்கும் நடுவே கதவையே சாத்திவிடும்.

முதல் முறை போகிறவருக்கு என் யோசனை: வார நாளில், மதியம் பன்னிரண்டரைக்குப் போங்கள். கூட்டம் சேரத் தொடங்கியிருக்கும், ஆனால் காமரேரோவுக்கு உங்களோடு இரண்டு வார்த்தை பேச நேரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை லா லத்தீனா பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எல் ராஸ்த்ரோ என்ற தெருச் சந்தை நடக்கும். அது கலையும் நேரத்தில் மொத்தக் கூட்டமும் காவா பாஹா தெருவின் கடைகளுக்குள் நுழையும். பழகியவர்களுக்கு அது திருவிழா. புதியவருக்கு மூச்சு முட்டும். ஞாயிறு மாலையும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். ஆகஸ்டில் சில கடைகள் வாரக்கணக்கில் விடுமுறை விட்டுவிடும். கதவில் கையால் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

எந்தக் கடை

வாசலில் ஆள் நின்று உங்களைக் கூப்பிட்டால் நடையைக் கட்டுங்கள். உணவின் வண்ணப் படங்கள் வெளியே வைக்கப்பட்டிருந்தாலும் அப்படியே. பழைய கடையின் முகப்பு பெரும்பாலும் மரம். மாட்ரிட்டில் பல கடைகளுக்குச் சிவப்பு வண்ணம். உள்ளே ஓடு பதித்த சுவர், உலோகமோ பளிங்கோ மரமோ இழைத்த கவுன்டர், சுவரில் சாக்பீஸால் எழுதிய பலகை. அந்தப் பலகைதான் மெனு.

புவெர்தா தெல் சோல் சதுக்கத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் மூன்று கடைகளைச் சொல்கிறேன். மூன்றும் மூன்று விதம், ஆகவே பயிற்சிக்கு நல்லவை.

காஸா லாப்ரா 1860 முதல் இருக்கிறது. உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஊறவைத்து, மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவதுதான் இங்கே பெயர் பெற்றது; கூடவே அதே மீனில் செய்த குரோகெத்தா என்ற பொரித்த உருண்டை. ஸ்பெயினின் சோஷலிசத் தொழிலாளர் கட்சி 1879 மே 2 அன்று ரகசியமாகத் தொடங்கப்பட்டது இந்தக் கடையில்தான். அச்சுக்கோப்பாளரான பாப்லோ இக்லெசியாஸ் அதற்குத் தலைமை ஏற்றார். இங்கே மட்டும் ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள்: பொரித்த மீனுக்கு ஓர் இடம், குடிக்க வேறு இடம். மீனுக்குச் சின்ன வரிசையில் நின்று காசு கொடுத்துத் தட்டை வாங்கிக்கொண்டு, கவுன்டரில் போய் பானத்தைக் கேட்க வேண்டும். வரிசை இருப்பதால் புதியவருக்கு இதைவிட எளிய தொடக்கம் கிடையாது.

லா காஸா தெல் அபுயெலோ 1906இல் தொடங்கியது. இறால்தான் இங்கே வியாபாரம். பூண்டும் மிளகாயும் போட்ட ஆலிவ் எண்ணெய் கொதிக்கக் கொதிக்க மண்சட்டியில் இறால் வரும். அதன் பெயர் கம்பாஸ் அல் அஹீயோ. எண்ணெய் அடங்கும் வரை வாயில் வைக்காதீர்கள். மிச்ச எண்ணெயை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவது அநாகரிகம் ஆகாது. துடைக்காமல் விட்டால்தான் பிடிக்கவில்லையோ என்று நினைப்பார்கள்.

மூன்றாவது, எச்செகராய் தெருவில் லா வெனென்சியா. இதற்குத் துணிச்சல் கொஞ்சம் வேண்டும். ஷெர்ரி ஒயின் மட்டுமே விற்கிறார்கள். பீர் கேட்டால் கிடைக்காது. புகைப்படம் எடுக்கக்கூடாது, டிப்ஸ் கொடுக்கக்கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஸ்பெயினின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் குடியரசுப் படையினர் வந்துபோன இடம், உளவாளிகளுக்குப் பயந்து போட்ட விதி அது என்பது அங்கே உலவும் கதை. கதையை விடுங்கள், விதி இன்றும் அப்படியே இருக்கிறது. போனைப் பையிலேயே வையுங்கள். கணக்கைச் சாக்பீஸால் கவுன்டர் மரத்தின் மேலேயே எழுதுவார்கள். உங்கள் முன்னால் எழுதிய எண்ணின் மேல் முழங்கையை ஊன்றாமல் இருப்பது மரியாதை.

உள்ளே நுழைவது

கதவருகே நின்றுகொண்டு யாராவது வந்து உட்கார வைப்பார்கள் என்று காத்திருந்தால் இரவு வரை நிற்கலாம். நேராக உள்ளே போங்கள். போகும்போதே காமரேரோவின் பக்கம் பார்த்து, "புவேனாஸ்" அல்லது "ஓலா" என்று ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள். பொதுவாக, உள்ளே இருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்வதாகவே அது எடுத்துக்கொள்ளப்படும். அந்த ஒரு சொல்லில், நீங்கள் வந்துவிட்டீர்கள் என்பது அவர் கணக்கில் ஏறிவிடுகிறது.

அடுத்து, கவுன்டரில் ஒரு கை வைக்கும் அளவு இடம் தேட வேண்டும். ஒருவர் நிற்கும் அகலம் தேவையில்லை. பக்கவாட்டில் திரும்பி ஒரு தோள் நுழைந்தால் போதும். "பெர்தோனா", அதாவது மன்னிக்கவும், என்று சொல்லி மெல்ல நுழையுங்கள், ஒதுங்கித் தருவார்கள். உடம்பு உரசுவதை அங்கே யாரும் தப்பாக எடுப்பதில்லை. ஆனால் ஏற்கெனவே நிற்பவரின் கோப்பைக்கும் அவருக்கும் நடுவே புகுந்தால் முகம் சுளிப்பார்கள். இடமே இல்லையென்றால், யாருடைய கோப்பை காலியாகிறது, யார் பர்ஸை எடுக்கிறார் என்று பாருங்கள். கல்யாணப் பந்தியில் மோர் சாதத்துக்கு வந்துவிட்டவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கிறோமே, அதே கலைதான்.

கூட்டமாக வந்திருந்தால் எல்லோரும் கவுன்டரை முற்றுகையிட வேண்டாம். ஒருவர் மட்டும் முன்னால் போகட்டும். மற்றவர்கள் சுவரோரம் இருக்கும் அலமாரிப் பலகையையோ நின்ற நிலையில் சாப்பிடும் பீப்பாயையோ பிடித்துக்கொள்ளட்டும். தட்டுகள் தலைக்கு மேலே கைமாறி வரும். ஆறு பேருக்கு மேல் என்றால் இந்த மாதிரிக் கடையை மறந்துவிட்டு மேசை முன்பதிவு செய்யும் இடத்துக்குப் போவது எல்லோருக்கும் நல்லது.

பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கவுன்டரின் அடியில் தடவிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு கொக்கி இருக்கும். பையை மாட்டி முழங்காலால் அணைத்துக்கொள்ளலாம். சோல் சுற்றுவட்டாரத்தில் ஜேப்படிக்காரர்கள் உண்டு. போனைக் கவுன்டர் மேல் வைத்துவிட்டுப் பேச்சில் மூழ்காதீர்கள்.

காமரேரோவைக் கூப்பிடுவது

இதில்தான் எல்லாம் இருக்கிறது. கை தட்டுவது, விரல் சொடுக்குவது, நோட்டை ஆட்டிக் காட்டுவது மூன்றும் கூடாது. அவர் கண் உங்கள் பக்கம் வரும்போது கண்ணைப் பிடியுங்கள். லேசாக முகவாயை உயர்த்துங்கள். அவர் வேறு வேலையில் இருந்தால் "குவாந்தோ புவேதாஸ்" என்று ஒரு முறை சொல்லுங்கள். முடிகிறபோது வாருங்கள் என்று பொருள். இந்த ஒரு வாக்கியத்தைத் தவிர வேறு ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவசரப்படுத்தாமல், அதே நேரம் நான் இங்கே இருக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறது. "வோய்" என்பார், அதாவது வருகிறேன். பிறகு அவராக வந்து "திமே" என்பார். சொல்லு என்று அர்த்தம். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, அங்கே எல்லோரும் ஒருமையில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

"திமே" என்று வந்த பிறகு யோசிக்கத் தொடங்கக்கூடாது. அதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பலகையைப் படிப்பது, பக்கத்துத் தட்டைப் பார்ப்பது, நண்பர்களோடு விவாதிப்பது எல்லாம் காத்திருக்கும் நேரத்தில் முடிய வேண்டும். பலகையில் எழுதியிருப்பது புரியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரின் தட்டைக் காட்டி "உனோ தே எசோ" என்று சொல்லலாம், அதில் ஒன்று என்று. தட்டின் சொந்தக்காரர் அதன் பெயர், செய்முறை, இந்தக் கடையை விட எங்கே நன்றாக இருக்கும் என்பது வரை விளக்கத் தொடங்கிவிடுவார்.

நம்மவர்களுக்கு இன்னொரு தயக்கம்: வெறுமனே "இரண்டு கான்யா, ஒரு தோர்த்தியா", அதாவது இரண்டு சிறு பீர், ஓர் ஆம்லெட், என்று சொன்னால் முரட்டுத்தனமாக இருக்குமோ என்று. இருக்காது. "மே போனெஸ் தோஸ் கான்யாஸ்" என்றால் இரண்டு பீர் போடுகிறாயா என்று. அது போதும். நீளமான பணிவு வாக்கியங்கள் அந்த இரைச்சலில் அவர் காதில் விழாது. விழுந்தாலும் நேரம்தான் வீண்.

முதலில் பானம் மட்டும் கேளுங்கள். அது வரும்போது, அல்லது வந்த பின், சாப்பாட்டைச் சொல்லுங்கள். மொத்தமாகப் பத்து அயிட்டம் ஒப்பிக்க வேண்டாம். ஒன்று, அதிகம் போனால் இரண்டு. தீர்ந்ததும் மறுபடி கேட்கலாம்.

என்ன குடிப்பது

பீர் என்றால் கான்யா. ஏறக்குறைய 200 மில்லி பிடிக்கும் சிறு கிளாஸ். வெயில் நாட்டில் பெரிய கிளாஸ் வாங்கினால் பாதியில் சூடாகிவிடும் என்பதால் சின்னதாக வாங்கிச் சீக்கிரம் முடித்து அடுத்ததற்குப் போகிறார்கள். மதிய நேரத்தில் வெர்மூத் குடிப்பது மாட்ரிட்டின் பழைய பழக்கம். மூலிகைகள் ஊறவைத்த இனிப்பு ஒயின் அது. பழைய கடைகளில் குழாயிலிருந்தே பிடித்து, ஆரஞ்சுத் துண்டும் ஆலிவும் போட்டுத் தருவார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த சுவை, கஷாயம் குடித்து வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடித்துப்போகும்.

சிவப்பு ஒயினுக்கு "உன் ரியோஹா" அல்லது "உன் ரிபேரா" என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். இரண்டிலும் பெரும்பாலும் தெம்ப்ரானியோ என்ற திராட்சைதான். கிரியான்ஸா என்று சேர்த்துச் சொன்னால் முதிர வைத்தது வரும். ரியோஹாவில் அந்தப் பெயருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, அதில் ஓராண்டு மரப்பீப்பாயில் என்பது விதி. வெள்ளைக்கு ருவேதா. கோடையில் சிவப்பு ஒயினோடு சோடாவோ எலுமிச்சைப் பானமோ கலந்த தின்தோ தே வெரானோ. சங்க்ரியாவை இந்தக் கடைகளில் உள்ளூர்க்காரர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஷெர்ரி பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், லா வெனென்சியாவில் அதைத் தவிர வேறு இல்லை என்பதால். தெற்கே ஹெரெஸ், சான்லூக்கர், எல் புவெர்தோ தே சான்தா மரியா என்ற மூன்று ஊர்களுக்கு நடுவே செய்யப்படுவது. இனிப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஃபினோ, மன்சனியா என்ற இரண்டு வகைகளும் வைக்கோல் நிறத்தில், ஈரப்பதமே இல்லாதது போல வறண்ட சுவையோடு இருக்கும். பீப்பாயில் ஒயின் மேல் ஈஸ்ட் ஒரு மெல்லிய ஏடாகப் படர்ந்து காற்றுப் படாமல் காப்பதால் வரும் குணம் அது. மன்சனியா சான்லூக்கரில் மட்டுமே முதிர்வது. கடற்கரை ஊர், சுவையிலும் மெல்லிய உப்பு. அந்த ஏடு மடிந்து காற்றுப் பட்டு முதிர்ந்தால் அமொன்தியாதோ. தொடக்கத்திலிருந்தே ஏடு இல்லாமல் முதிர்ந்தது ஒலொரோசோ. நிறம் தேநீராகும், மணத்தில் வறுத்த கொட்டை வரும். குளிரக் குளிர மன்சனியாவில் தொடங்கி அமொன்தியாதோவில் முடியுங்கள். கோப்பை சின்னதாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்: ஃபினோவிலேயே 15 சதவீத ஆல்கஹால், ஒலொரோசோவில் அதைவிட அதிகம்.

குடிக்காதவர்கள் ஒதுங்கி நிற்கத் தேவையே இல்லை. மொஸ்தோ என்று ஒன்று உண்டு, புளிக்காத திராட்சைச் சாறு. வெர்மூத் மாதிரியே ஐஸும் ஆரஞ்சுத் துண்டும் போட்டுத் தருவார்கள். குழந்தைகளும் பெரியவர்களும் குடிப்பார்கள். ஆல்கஹால் இல்லாத பீர் இங்கே மிகச் சாதாரணம், "உனா சின்" என்று கேட்டால் புரியும். 2022இல் வந்த சட்டப்படி குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும்; "உன் வாசோ தே அகுவா தெல் க்ரிஃபோ" என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாட்டில் வரும், பில்லில் ஏறும்.

என்ன சாப்பிடுவது, எந்த அளவில்

தபா என்பது சிறு தட்டு. ராசியோன் என்பது நாலு பேர் பகிரும் பெரிய தட்டு. அதில் பாதி மேதியா ராசியோன். செவில் நகரத்தில் இந்த மூன்று அளவும் பலகையில் தனித்தனி விலையோடு இருக்கும். மாட்ரிட்டில் பல கடைகளில் பெரிய தட்டும் பாதித் தட்டும்தான். இருவர் போனால் பாதித் தட்டு கேளுங்கள். பானத்தோடு கேட்காமலே நாலு ஆலிவோ கொஞ்சம் சிப்ஸோ வரும். அதற்குக் காசில்லை, திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெயர்பெற்ற தட்டு உண்டு. அதை மட்டும் சாப்பிட்டுவிட்டு வெளியேறுவதே புத்திசாலித்தனம். மீன் கடையில் இறைச்சியும் இறால் கடையில் குரோகெத்தாவும் கேட்டு வாங்குவதில் அர்த்தமில்லை.

சைவர்களுக்கு இங்கே இருக்கும் சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. "சின் கார்னே", அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் காமரேரோ மனசாட்சியோடு சூரை மீன் போட்டுக் கொண்டுவருவார். பன்றித் தொடையை உலர்த்திச் சீவிய ஹமோனையும் சிலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது ஒரு மேல்தூவல் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே நீட்டியே சொல்லுங்கள்: "நோ கோமோ நி கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்." இறைச்சி, மீன், ஹமோன் மூன்றையும் உண்பதில்லை.

நம்பிக் கேட்கக்கூடியவை: உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்த தடித்த ஆம்லெட்டான தோர்த்தியா (வெங்காயம் சேர்ப்பதா கூடாதா என்று அங்கே குடும்பங்களே இரண்டாகப் பிரியும்), பதிரோன் மிளகாய்ப் பொரியல் (சிறிய பச்சை மிளகாய்களை எண்ணெயில் வாட்டிக் கல்லுப்புத் தூவியது, பெரும்பாலும் காரம் இருக்காது, திடீரென்று ஒன்று சுரீர் என்று ஏறும்); கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றியது (இது தெற்கத்திப் பண்டம்); மஞ்செகோ என்ற செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டி, ஆனால் பால் திரிக்க விலங்கு நொதி பயன்படுத்தியிருக்கலாம் என்பதால் கண்டிப்பானவர்கள் தவிர்க்கலாம்.

கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டியவை: உருளைக்கிழங்குப் பொரியலின் மேல் காரச் சாறு ஊற்றிய பிராவாஸ் (சில கடைகளில் அந்தச் சாறே இறைச்சி ரசத்தில் செய்தது); சல்மொரேஹோ என்ற தக்காளிக் குழைவு (மேலே ஹமோன் துருவல் போடுவது வழக்கம், "சின் ஹமோன்" என்றால் போடமாட்டார்கள்); கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சீரகம் போட்டுக் கிளறும் எஸ்பினாக்காஸ் கோன் கர்பான்சோஸ், செவிலின் பெருமை, நம் நாக்குக்கு மிகவும் ஒத்துப்போகும். குரோகெத்தா சைவம் போலத் தோன்றும், உள்ளே பெரும்பாலும் ஹமோன். என்சலாதியா ருஸா என்ற உருளைக்கிழங்குச் சாலட்டில் சூரை மீன். ஒரே எண்ணெய்ச் சட்டியில் மீனும் காய்கறியும் பொரிப்பது சின்ன அடுப்படிகளில் சகஜம். அதை ஏற்க முடியாதவர்கள் பொரித்த எதையும் தொடாமல் இருப்பதே வழி.

பன்றி உண்ணாதவர்கள் கவனிக்க வேண்டிய பெயர்கள்: ஹமோன், சொரிசோ, லோமோ, மொர்சியா, ஒரேஹா. மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் தெர்னெரா, ரபோ தே தோரோ, செசினா, கால்யோஸ் ஆகியவற்றைத் தவிர்க்கலாம்; கால்யோஸில் மாட்டுக் குடலோடு சொரிசோவும் இருப்பதால் இரு தரப்புக்கும் ஆகாது. மீன் உண்பவர்களுக்கு எந்தக் கவலையும் இல்லை. வினிகரில் ஊறிய நெத்திலி, அதன் பெயர் பொக்கெரோனெஸ் என் வினாக்ரே, தட்டில் பூண்டும் ஆலிவ் எண்ணெயுமாக வரும். பச்சை மீன் என்று தயங்காமல் ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள்.

நின்றபடி சாப்பிடுவது

ஒரு தட்டு, பல முள்கரண்டிகள்; எல்லோரும் அதிலிருந்தே எடுப்பார்கள். எச்சில் பார்ப்பவர்கள் "உன் ப்ளாத்தோ" என்று தனித் தட்டு கேட்டு வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. கவுன்டரில் இருக்கும் காகித நாப்கின் எண்ணெயை உறிஞ்சவே உறிஞ்சாது. மெழுகுத் தாள் மாதிரி வழுக்கும். நான்கைந்து எடுத்துக்கொள்ளத் தயங்காதீர்கள். அந்த நாப்கினையும் இறால் ஓட்டையும் ஆலிவ் கொட்டையையும் கவுன்டரின் அடியில் தரையிலேயே போடுவது பழைய வழக்கம். இப்போது குறைந்து வருகிறது. தரையைக் குனிந்து பாருங்கள்: குப்பை கிடந்தால் போடலாம், சுத்தமாக இருந்தால் தட்டிலேயே வையுங்கள்.

கழிப்பறை எங்கே என்று கேட்டால் எந்தக் கடையிலும் ஒரே பதில், "அல் ஃபோந்தோ அ லா தெரேச்சா": உள்ளே போய் வலது பக்கம். அங்கே இது நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. விளக்கு தானாக அணைந்துவிடும் கடைகள் பல. கதவைப் பூட்டுமுன் சுவிட்ச் இருக்கும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குத் தீர்ப்பது

இங்கே முதலில் காசு கேட்கமாட்டார்கள். சாப்பிட்டு, குடித்து, பேசி முடித்த பிறகுதான். காமரேரோவின் கண்ணைப் பிடித்து "மே கோப்ராஸ்" என்று சொல்லுங்கள், காசை வாங்கிக்கொள்கிறாயா என்று பொருள். பெரும்பாலும் அவர் மனதிலேயே கூட்டிச் சொல்வார். கூட்டம் நெரிக்கும் நாளில் உங்களையே திருப்பிக் கேட்பார்: என்னென்ன சாப்பிட்டீர்கள்? நீங்கள் சொல்வதை வைத்துக் கணக்குப் போடுவார். ஆகவே வாங்கியதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் குறைத்துச் சொன்னால் அவருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரியும், சொல்லமாட்டார், அடுத்த முறை உங்கள் பக்கம் கண் வராது.

எட்டுப் பேர் எட்டு அட்டையை நீட்டுவது அந்த நெரிசலில் பெரிய தொந்தரவு. உள்ளூர் நண்பர் கூட்டங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. தொடக்கத்திலேயே ஆளுக்கு ஒரே தொகை போட்டு ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள்; அதற்கு போத்தே என்று பெயர். எல்லாக் கடையிலும் அவரே கொடுப்பார், தீர்ந்தால் மறுபடி போடுவார்கள். அட்டை பெரும்பாலும் எடுப்பார்கள். பழைய கடைகளில் சில ரொக்கம் மட்டுமே கேட்கும் என்பதால் பத்து, இருபது யூரோ தாள்களாக வைத்திருங்கள். டிப்ஸ் கட்டாயம் கிடையாது, சில்லறையை விட்டுவிட்டு வந்தால் போதும். ஒரே பண்டத்துக்குக் கவுன்டரில் ஒரு விலை, வெளியே நிழற்குடையின் கீழ் கொஞ்சம் கூடுதல் விலை என்று இருப்பது சட்டப்படி சரிதான், பலகையில் எழுதியிருப்பார்கள்.

கணக்குத் தீர்த்ததும் நகர்ந்துவிட வேண்டும். காலிக் கோப்பையோடு கவுன்டரில் இடத்தை அடைத்து நிற்பதை அங்கே ரசிக்கமாட்டார்கள். ஒரு கடையில் ஒரு பானம், ஒரு தட்டு. பிறகு அடுத்த கடை. மூன்று கடை ஏறி இறங்கினால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு.

மற்ற ஊர்களில்

செவிலில் 1670 முதல் நடக்கும் எல் ரின்கோன்சியோவில் கணக்கு இன்றும் கவுன்டர் மரத்தில் சாக்பீஸால்தான். சான் செபாஸ்தியானில் தபாஸ் என்று சொல்லாமல் பின்ச்சோ என்பார்கள். ரொட்டித் துண்டின் மேல் ஏதாவது அடுக்கிக் குச்சி குத்தி, கவுன்டர் முழுக்கப் பரப்பி வைத்திருப்பார்கள். பார்த்ததும் தட்டை நிரப்பத் தோன்றும்; இரண்டோடு நிறுத்துங்கள். நல்லவை பரப்பி வைத்தவற்றில் இல்லை, பலகையில் எழுதியிருக்கும் சூடான பண்டங்களில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டால்தான் அடுப்பில் ஏற்றுவார்கள். லோக்ரோன்யோ நகரின் லௌரெல் தெருவில் கடைக்கு ஒரே பண்டம் என்ற கணக்கு இன்னும் கறாராக இருக்கிறது. காளான் அடுக்கி மேலே இறால் வைத்துத் தரும் கடையில் வேறு எதையும் யாரும் கேட்பதில்லை.

கிரானடாவில் வாங்கும் ஒவ்வொரு பானத்தோடும் ஒரு தபா இலவசம். எது வரும் என்பதை அடுப்படி முடிவு செய்கிறது. முதல் கிளாஸுக்கு ஒன்று, இரண்டாவதுக்கு வேறொன்று. அதனால் அங்கே சைவர்களும் பன்றி தவிர்ப்பவர்களும் பானத்தைச் சொல்லும் அதே மூச்சில் தங்கள் கட்டுப்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். கிளாஸ் கவுன்டருக்கு வரும்போது தட்டு ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.